மாநகரக் கசடும் காளான் வித்தும்: தென்னந்தோப்புக்குப் போகுமுன் எந்தப் பக்குவம்?

மதுரை மாவட்டம் வாடிப்பட்டிப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் நான்கு பேர் தை மாதக் கடைசியில் என் காளான் கொட்டகைக்கு வந்திருந்தார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றிலிருந்து கசடு லாரிக்கணக்கில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, அதைத் தோப்புக்கு உரமாக எடுப்பதென்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள பொருள், விலை கிடையாது, லாரி வாடகை மட்டுமே செலவு என்னும்போது யாருக்கும் ஆசை வரும். அவர்களில் மூத்தவருக்கு மட்டும் ஓர் உறுத்தல் இருந்தது. "சனம் முழுங்குற மாத்திரையெல்லாம் கடைசில அந்தச் சேத்துலதான் போயி நிக்குதுங்கிறாக. காளானப் போட்டா அது அதைத் தின்னுருமாமே, நெசந்தானா தம்பி?" என்று கேட்டார்.

நான் காளான் வித்து, அதாவது அவித்த சோளத்தில் வளர்த்த காளான் பூசணம், தயாரித்து விற்பவன். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் வியாபாரம் நடந்திருக்கும். ஆனால் கசடைப் பக்குவப்படுத்த வேறு பல வழிகளும் இருப்பதால், அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் காளானின் இடம் எதுவென்று சொல்ல முடியும். அன்றைக்கு வாய்மொழியாகச் சொன்னதை விரித்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காளானை மட்டும் நம்பிக் கசடை எடுப்பது தவறு, சூடேறும் மட்குக் குவியலை முதற்கட்டமாகவும், தென்னை நார்க்கழிவில் முன்கூட்டியே பரவவிட்ட சிப்பிக்காளான் பூசணத்தை இரண்டாம் கட்டமாகவும் வைத்து, அப்படிப் பக்குவமானதைத் தென்னைக்கு மட்டும் இடுவதே ஒரு விவசாயக் குழுவின் கைக்கு எட்டும் வழிகளில் மேலானது.

மாத்திரை எப்படிக் கசடுக்கு வந்து சேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றவை விளங்கும். விழுங்கும் மருந்து முழுவதையும் உடம்பு செலவழிப்பதில்லை. மருந்துக்கு மருந்து வேறுபடும் ஒரு பங்கு, மாறாமலோ அரைகுறையாக மாறியோ, சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறிப் பாதாளச் சாக்கடைக்குப் போகிறது. மதுரை மருத்துவமனைகள் நிறைந்த ஊர் என்பதால் பழி முழுவதையும் அவற்றின் மீது போடத் தோன்றும். ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, மூட்டுவலி ஆகியவற்றுக்கான மாத்திரைகளை மக்கள் வீட்டில் இருந்தபடியேதான் வருடக்கணக்கில் விழுங்குகிறார்கள். நகரச் சாக்கடையில் சேரும் மருந்தில் பெரும்பங்கு பொதுவாக வீடுகளிலிருந்தே வருகிறது. மருத்துவமனை வளாகத்திலேயே கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது சேரும் கசடுக்கு 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தனி வழி வகுத்திருக்கின்றன: அது பொது எரிப்பு நிலையத்துக்கோ, அபாயக் கழிவுகளுக்கென்று அமைந்த இடத்துக்கோ போக வேண்டும். ஆகவே அத்தகைய கசடை யாராவது உரமென்று கொடுக்க முன்வந்தால், பக்குவத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் மறுத்துவிட வேண்டும். இனி எழுதுவதெல்லாம் மாநகரப் பொதுக் கசடைப் பற்றியது மட்டுமே.

எல்லா மருந்தும் கசடில் தங்குவதில்லை. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் நீரோடு போகும் குணமுள்ளது. சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும், அசித்ரோமைசினும், சில சோப்புகளில் இருந்த டிரைக்ளோசானும் கசடின் துகள்களில் இறுக ஒட்டிக்கொள்ளும். வலிப்பு மாத்திரையான கார்பமாசெபைன் வேறு ரகம்: அது கசடில் ஒட்டுவது குறைவு, பெரும்பகுதி நீரோடு போய்விடும், ஆனால் கசடின் ஈரத்தில் தங்கிய கொஞ்சமும், சுத்திகரிப்பு நிலையத்துப் பாக்டீரியாக்களால் அசைக்க முடியாதபடி அப்படியே நிற்கும். அதனால்தான் ஒரு முறை வேலை செய்கிறதா என்று பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கார்பமாசெபைனை உரைகல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். நானும் இந்தக் கட்டுரை முழுவதும் இரண்டு மருந்துகளை மனத்தில் வைத்திருக்கிறேன்: ஒட்டிக்கொள்ளும் பிடிவாதத்துக்குச் சிப்ரோஃப்ளாக்சசின், உடையாத பிடிவாதத்துக்குக் கார்பமாசெபைன்.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்றால், அதிக தூரம் வராது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு உரத்துக்கு வரம்புகள் விதித்திருக்கிறது: கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, நிக்கல் 50, துத்தநாகம் 1,000 என்று உலோகங்களுக்குக் கணக்கு உண்டு. மருந்துகளுக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய நகரக் கழிவுநீர் நெறிமுறையில் கார்பமாசெபைன், வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக் முதலிய பொருள்களை அடையாளப் பொருள்களாக வைத்து, அவற்றை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்பின் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதனத் தயாரிப்பாளர்கள் ஏற்க வேண்டுமென்று எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் அது நீருக்கான ஏற்பாடுதான். ஆகவே மருந்தைப் பொறுத்தவரை நம் விவசாயி எச்சரிக்கையைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டியவராக இருக்கிறார்.

அந்த எச்சரிக்கை வீண் பயமல்ல. கார்பமாசெபைன் மின்னேற்றம் இல்லாத மூலக்கூறு என்பதால், வேர் உறிஞ்சும் நீரோடு ஏறி, நீர் ஆவியாகும் இடமான இலையில் போய்ச் சேர்ந்துகொள்கிறது. இஸ்ரேலில், சுத்திகரித்த கழிவுநீரில் விளைந்த காய்கறிகளைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் அந்த மருந்து இருந்ததை 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அளவு மிகச் சிறியது. மருந்தாக விழுங்குவதற்கு எந்த விதத்திலும் ஈடாகாது. ஆனால் இலையில் சேரும் என்ற அந்த ஒரு செய்தி எங்கள் பகுதிக்குப் பெரிது. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் இருப்பது சோழவந்தான். அங்கே வெற்றிலைக் கொடிக்கால்கள் இருக்கின்றன. இலையைப் பச்சையாகவே மெல்லும் பயிருக்கு எந்தப் பக்குவம் செய்த கசடும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, கீரைக்கும் அப்படியே.

இனி வழிகளுக்கு வருவோம். முதலாவது, உலர் படுகையில் காய்ந்ததை அப்படியே எடுத்து வந்து கொட்டுவது. மதுரை வெயிலுக்கு இது எளிது. சித்திரை வைகாசியில் கசடு சில நாளிலேயே கோடைக்குளத்து வண்டல்போலப் பாளம் பாளமாக வெடித்துவிடும். அந்தப் பாளத்தில் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்: மேல் ஓடு சாம்பல் நிறத்தில் நொறுங்கும், ஒரு விரற்கடை ஆழத்தில் கறுப்பாக, ஈரமாக, நாற்றத்தோடு இருக்கும். சிப்ரோஃப்ளாக்சசினும் டைக்ளோஃபெனாக்கும் வெயில் பட்டால் சிதையக் கூடியவைதாம். ஆனால் வெளிச்சம் அந்த மேல் ஓட்டைத் தாண்டி உள்ளே போகாது. உள்ளே இருப்பதற்கு வெயில் வெறும் வெதுவெதுப்பு. கொக்கிப்புழு, நாக்குப்பூச்சி முட்டைகளும் அங்கே பத்திரமாக இருக்கும். செலவில்லாத இந்த வழி, தோப்பில் வெறுங்காலோடு நடப்பவர்களின் காலில் கடன் எழுதும் வழி. இதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம்.

அடுத்த மூன்றும் விவசாயி செய்யக் கூடியவை அல்ல, நகரம் செய்யக் கூடியவை. ஆனால் கசடு எந்த வழியாக வந்தது என்று கேட்டு வாங்க வேண்டும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றில்லாக் கலனில் செரிக்கவிட்டு எரிவாயு எடுப்பது ஒன்று. நாற்றம் குறையும், எரிபொருள் கிடைக்கும், நுண்ணுயிர்க்கொல்லியான சல்ஃபாமெத்தாக்சசோல், வலிநிவாரணியான நாப்ராக்சன் போன்ற சில மருந்துகள் நன்றாகவே சிதையும், கார்பமாசெபைன் அசையாது. இதில் ஒரு சூட்சுமமும் உண்டு: கசடின் கரிமப் பொருளில் கணிசமான பகுதி வாயுவாகப் போய்விடுவதால், சிதையாத மருந்து மிஞ்சிய கசடில் கிலோவுக்கு முன்னைவிட அதிகமாகவே நிற்கும். இரண்டாவது கதிர்வீச்சு. அகமதாபாதில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்தில், கோபால்ட்-60 காமாக் கதிரைக் கொண்டு நாளொன்றுக்கு 100 டன் உலர் கசடைக் கிருமிநீக்கம் செய்யும் ஆலை 2019-இல் இயக்கத்துக்கு வந்தது. கிருமிக்கு அது பழுதில்லாத முறை. ஆனால் அந்த ஆலையின் குறி கிருமிதான், மருந்து அல்ல. மூன்றாவது, சிமெண்டுச் சூளையில் எரிப்பது. பக்கத்து விருதுநகர் மாவட்டத்திலேயே சிமெண்டு ஆலைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸில் சிமெண்டாக அரைபடும் கிளிங்கர் கட்டிகள் வேகும் சூளையில் எந்த மருந்தும் தப்பாது. மருந்தை ஒழிப்பது மட்டுமே நோக்கமென்றால் இதை வெல்ல வேறு வழி கிடையாது. ஆனால் பிழிந்தெடுத்த கசடிலும் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதைச் சுமந்துபோகவும் ஆவியாக்கவும் செலவு, தழைச்சத்து காற்றோடு போகும், மணிச்சத்து சிமெண்டுக்குள் புதையும். மண்ணில் கரிமம் இல்லாமல் தவிக்கும் வானம்பார்த்த மாவட்டத்தில் அது எனக்கு ஒப்பவில்லை. எனினும் உலோகம் வரம்பை மீறிய கசடுக்கு அதுதான் போக வேண்டிய இடம்.

விவசாயியின் கையில் உள்ளவை இரண்டு: மட்குக் குவியல், காளான். மட்குவதை நம்மில் பலர் குப்பைக்குழி என்ற அளவில்தான் எண்ணுகிறோம். கசடுக்கு அது போதாது. குவியலின் வயிறு 55 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்டிப்போட வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1993-ஆம் ஆண்டு விதிகள் வகுத்த கணக்கு. நம் நாட்டுப் பொறியாளர்களும் அதையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். கம்பி முனையுள்ள வெப்பமானி ஒன்று வாங்கினால் போதும். இல்லாதவர்கள் குவியலுக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வைத்து, கால் மணி நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் குவியல் வேலை செய்கிறது.

இந்தச் சூடு கிருமிகளையும் புழு முட்டைகளையும் முடித்துவிடும். மருந்திலும் டெட்ராசைக்ளின் போன்றவை, வலிநிவாரணிகளில் சில, இந்தக் கட்டத்தில் நன்றாகக் குறையும். சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பம் கசடின் துகளோடு ஒட்டியபடியே பெரும்பாலும் தாண்டிவிடும். கார்பமாசெபைன் ஏறக்குறைய முழுதாகத் தாண்டிவிடும். சூட்டில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அந்த மூலக்கூறின் வளையங்களை உடைக்கும் கருவி இல்லை என்பதே காரணம். அவை தம் உடலுக்குள் இழுத்துத் தின்னக் கூடியதைத் தின்னும். பிடிக்குள் அடங்காததை விட்டுவிடும்.

இந்த இடத்தில்தான் பூசணம் வேறு சாதி. மரத்துக்கு வலுக்கொடுப்பது லிக்னின் என்ற பொருள். ஒழுங்கில்லாமல் பின்னிய, எந்த நொதியின் பூட்டுக்கும் பொருந்தாத மூலக்கூறு அது. அதைத் தகர்க்க, மரத்தை வெளுக்க அழுகவைக்கும் வெண்ணழுகல் பூசணங்கள் கண்டுகொண்ட உத்தி, உள்ளே இழுத்துத் தின்னாமல் வெளியே நொதியைக் கக்குவது. லாக்கேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ் ஆகிய அந்த நொதிகள் எதிர்ப்படும் பொருளிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகின்றன. பிடுங்கப்பட்ட மூலக்கூறு நிலைகுலைந்து தானே உடைகிறது. பூட்டுக்குச் சாவி தேடாமல் கதவைக் கடப்பாரையால் பெயர்ப்பதைப் போன்றது. கடப்பாரைக்கு இந்தக் கதவு அந்தக் கதவு என்ற பேதம் கிடையாது. லிக்னினுக்காக ஓங்கியது மருந்தின் மீதும் விழுகிறது. 1983-இல் ஃபானரோகீட் என்ற பூசணத்தில் லிக்னினை உடைக்கும் நொதி அடையாளம் காணப்பட்டது. இரண்டே ஆண்டில், அதே பூசணம் டி.டி.டி. போன்ற பிடிவாதமான நஞ்சுகளையும் சிதைக்கும் என்று காட்டினார்கள். நம் கொட்டகைகளில் வளரும் சிப்பிக்காளான் இந்தக் குடும்பத்துக்காரர்தான்; கார்பமாசெபைனை அது சிதைக்கும் என்பதும் ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது.

கசடில் இதை முறையாகச் செய்து பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஸ்பெயினில், பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். டிராமெட்டஸ் வெர்சிகலர் என்ற பூசணத்தை வைக்கோல் போன்ற தாங்குபொருளில் வளர்த்துக் கசடோடு கலந்து குவித்தார்கள். கிருமிநீக்கம் செய்த கசடில் நாப்ராக்சன், கார்பமாசெபைன் இரண்டுமே குறைந்தன. அடுத்து, கிருமிநீக்கம் செய்யாத கசடுக்குப் போனபோது, கசடின் சொந்த பாக்டீரியாக்கள் போட்டிக்கு வந்து பூசணத்தை நெருக்கின. வேறிடத்தில் வளர்த்த பூசணத்தை மறுபடியும் சேர்க்கும் முறைகளை அவர்கள் தேட வேண்டியதாயிற்று. காளான் மருந்தைத் தின்னும் என்று கைப்பேசியில் பரவும் செய்திகள் முதற்பாதியோடு நின்றுவிடுகின்றன. ஒரு விவசாயிக்கு வேண்டியது இரண்டாம் பாதி, ஏனென்றால் லாரியில் வரும் கசடை எவரும் அழுத்தக் கலனில் வைத்து அவித்துத் தரப்போவதில்லை.

நான் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. கொட்டகையின் ஓரத்தில் சில பைகளில் செய்தும் பார்த்தேன். ஆய்வென்று அதற்குப் பெயர் சூட்ட மாட்டேன். கசடையும் அவித்த வைக்கோலையும் எடைக்கு எடை கலந்து வித்திட்ட பையில், சோளத்தில் இருந்த பூசணம் சோளத்தை விட்டு இறங்கவே இல்லை. பையைத் திறந்தால் கண் எரியும் அளவுக்கு அமோனியா. ஐந்தாம் நாள் பச்சைப் பூசணம், அதாவது டிரைக்கோடெர்மா, புள்ளி புள்ளியாக ஏறி, வாரத்துக்குள் பை முழுவதையும் பிடித்தது. ஒரு பங்கு கசடுக்கு நான்கு பங்கு வைக்கோல் என்று கூட்டியபோது அங்கங்கே வெள்ளை படர்ந்து, கசடு கட்டியாக நின்ற இடங்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு போயிற்று. மூன்றாவது வகைதான் எதையாவது சொல்லிக்கொடுத்தது: வைக்கோலில் மூன்று வாரம் வளர்ந்து, பை முழுவதும் பஞ்சுபோல வெளுத்த பிறகு, ஆறிய கசடு மட்கை அதில் பிசைந்தேன். பத்தே நாளில் வெள்ளை இழைகள் மட்கின் கட்டிகளுக்குள்ளும் நுழைந்திருந்தன. உடைத்துப் பார்த்தபோது நாற்றத்துக்குப் பதிலாக மழை பெய்த தோப்பின் வாசம் வந்தது. மருந்து குறைந்ததா என்று அந்த வாசத்தைக் கொண்டு சொல்ல முடியாது. பூசணம் கசடுக்குள் பிழைத்திருக்க வழி உண்டு என்று மட்டும் சொல்லலாம்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்குக் கணக்கு ஒன்று போதும். கசடில் கரிமமும் தழைச்சத்தும் ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று. அதாவது தழைச்சத்து மிதமிஞ்சிய பொருள். பூசணமோ பஞ்சத்தில் வேலை செய்யும் கூலியாள்: ஃபானரோகீட் முதலியவை தழைச்சத்துக்குத் தட்டுப்பாடு வரும்போதுதான் லிக்னின் நொதியைத் தாராளமாகக் கக்குகின்றன. இந்த விகிதத்தை முப்பதுக்கு ஒன்று என்ற அளவுக்காவது கொண்டுவர, உலர் கணக்கில் ஒரு டன் கசடுக்கு நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவான வைக்கோல் வேண்டும். மட்குக் குவியலை இருபதுக்கு ஒன்று என்று தொடங்கினாலும் நடக்கும் என்பதால் அதற்கு ஒன்றே முக்கால் டன் போதும். இப்போது நகர அளவில் பாருங்கள். மதுரைக்கு அவனியாபுரத்தில் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர், சக்கிமங்கலத்தில் 4.57 கோடி லிட்டர் என்று கொள்ளளவு வகுத்து நிலையங்கள் கட்டினார்கள். பத்துக் கோடி லிட்டர் கழிவுநீருக்கு ஏறத்தாழ 20 டன் உலர் கசடு வரும் என்று பொறியாளர்கள் போடும் மதிப்பீட்டை வைத்துக்கொண்டால், அந்த 20 டன்னை மட்டும் காளானுக்கு ஏற்றதாக்கவே ஒவ்வொரு நாளும் 75 டன் வைக்கோல் தேவை. ஏக்கருக்கு இரண்டு டன் என்றால் தினம் முப்பத்தெட்டு ஏக்கர் நெல் வயலின் வைக்கோல். பெரியாறு-வைகைப் பாசனத்தில் நீர் திறக்காத வருடங்களில் மாட்டுக்கே வைக்கோல் வெளியிலிருந்து வருகிறது. மாநகரக் கசடு முழுவதையும் காளானிடம் ஒப்படைப்பது பற்றிய பேச்சை இந்த ஒரு கணக்கே முடித்துவிடுகிறது.

சூடு அடுத்த தடை. டிராமெட்டஸுக்கும் சிப்பிக்காளானுக்கும் 25 பாகையை ஒட்டிய குளுமை பிடிக்கும். 40-ஐத் தொட்டால் சிப்பிக்காளான் துவண்டுவிடும். மட்குக் குவியலின் 55 பாகையில் போட்டால் வித்து வெந்துபோகும்; ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது என்ற யோசனைக்கே இடமில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய வேண்டும். ஃபானரோகீட் 37 முதல் 40 பாகையில் செழிப்பது என்பதால் மதுரைக் கோடைக்கு அதுவே தக்கது என்று ஏட்டில் தோன்றும். ஆனால் அதன் வித்தைப் புட்டியில் வாங்க எங்கள் பக்கம் கடை கிடையாது. சிலர் கானோடெர்மாவைச் சொல்கிறார்கள். அதுவும் நல்ல வெண்ணழுகல் பூசணம்தான். தென்னையின் அடித்தண்டழுகலை, தஞ்சாவூர் வாடல் என்று நாம் அஞ்சும் நோயைக் கொண்டுவருவதும் அந்தக் கானோடெர்மா இனமே. தென்னந்தோப்புக்கு அதை உரத்தில் வைத்து அனுப்புவது வீட்டுக் கூரைக்கு நாமே கொள்ளி வைப்பது. ஆகவே சிப்பிக்காளான்தான், அதுவும் கார்த்திகை முதல் மாசி வரைதான்.

வைக்கோலுக்கு மாற்று நம்மிடமே கிடக்கிறது. தென்னை நார்க்கழிவைச் சிப்பிக்காளான் பூசணம் கொண்டு மட்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல்லாண்டுகளுக்கு முன்பே வகுத்து, பித் பிளஸ் என்ற பெயரில் வித்தும் கொடுத்தது: ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து புட்டி வித்து, ஐந்து கிலோ யூரியா, அடுக்கடுக்காகப் பரப்பி ஈரம் காப்பது. நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் நூற்றுப்பன்னிரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதாலும், அது சற்றே அமிலப் பாங்கானது என்பதாலும், தழைச்சத்து மிகுந்து நடுநிலைக்கு மேல் நிற்கும் கசடுக்கு அது சரியான மறுதலை. கசடு கலக்கும் இடத்தில் யூரியா மட்டும் வேண்டியதில்லை, கசடே யூரியா.

எனவே நான் அவர்களுக்குச் சொன்ன வரிசை இது. ஈரக் கசடு ஐந்து டன், அதாவது உலர் கணக்கில் ஒரு டன், ஒரு லாரிச் சுமை. அதோடு நறுக்கிய தென்னோலை, வைக்கோல், சருகு இரண்டு டன் சேர்த்து ஆளுயரக் குவியலாக்கி, 55 பாகை விதிப்படி பதினைந்து நாள் புரட்டி, பிறகு ஒரு மாதம் ஆறவிட வேண்டும். அது ஆறிக்கொண்டிருக்கும்போதே நிழலில் இரண்டு டன் நார்க்கழிவைப் பரப்பி, டன்னுக்குப் பத்துப் புட்டி என்று வழக்கத்துக்கு இருமடங்கு வித்திட்டு, வெளுக்கும் வரை தனியே விட வேண்டும். பின் இரண்டையும் அடுக்கடுக்காக இட்டு, சாக்கு மூடி, கையில் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியும் அளவுக்கு நீர் தெளித்து இரண்டு மாதம். நடுவில் ஒரு முறை புதிதாக வெளுத்த நார்க்கழிவைச் சேர்ப்பது, ஸ்பெயின்காரர்கள் பட்ட பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. காளான் கொட்டகைகளில் வைக்கோலைக் கார்பன்டாசிமும் ஃபார்மலினும் கலந்த நீரில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு. நஞ்சு நீக்கும் வேலைக்கு நஞ்சில் குளிப்பாட்டிய வைக்கோல் வேண்டாம், வெந்நீரோ ஆவியோ போதும்.

குவியலில் காளான் முளைத்தால் அதை உண்ணக் கூடாது என்பதை நான் இரண்டு முறை சொன்னேன், இங்கும் அழுத்திச் சொல்கிறேன். காளான் உலோகங்களைத் தன்னுள் இழுத்துச் சேர்க்கும். மொட்டிலேயே கிள்ளிக் குவியலுக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டக் கூடாது.

இந்த முறையின் குறைகளை மறைக்கவும் எனக்கு மனமில்லை. உலோகம் ஒரு துளியும் குறையாது. கசடின் ஒவ்வொரு மூலத்துக்கும் ஒருமுறையாவது உலோகப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும், அதில் தோற்றால் லாரி திரும்பிப் போக வேண்டும். பூசணம் மருந்தை முழுவதும் கரியமிலவாயுவும் நீருமாக்கிவிடுவதும் இல்லை. கார்பமாசெபைன் உடையும்போது அக்ரிடின் போன்ற இடைப்பொருள்கள் வரக்கூடும், அவற்றில் சில தாமே நல்லவை அல்ல. அதற்காகத்தான் இரண்டு மாதம் என்று நீட்டுகிறேன். மருந்தின் அளவை நேரடியாகக் காட்டும் நிறைமாலைக் கருவிச் சோதனை ஒரு குழுவின் செலவுக்குள் அடங்காது. கையிலிருக்கும் எளிய சோதனை பாசிப்பயறு: பக்குவமான மட்கை ஊறவைத்து வடித்த நீரில் ஐம்பது பயறும், வெறும் கிணற்று நீரில் ஐம்பது பயறும் முளைக்கவிட்டு, மூன்றாம் நாள் வேரை அளந்து பார்ப்பது. இது மருந்தின் பெயரைச் சொல்லாது. ஏதோ உறுத்துகிறது என்பதை மட்டும் சொல்லும். வேர் குட்டையானால் இன்னும் ஒரு மாதம் குவியலிலேயே கிடக்கட்டும்.

காளான் கட்டத்தை விட்டுவிட்டு, மட்குவதோடு நிறுத்தினால் என்ன என்று இளையவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கிருமியும் புழு முட்டையும்தான் உடனடியாக ஆளைப் படுக்கவைப்பவை; அவற்றுக்கு மட்குவதே போதும். கூலிக்கு ஆள் கிடைக்காத வருடத்தில் எதையாவது விட வேண்டுமானால் காளானை விடுங்கள், புரட்டிப்போடுவதை விடாதீர்கள் என்றே சொன்னேன். ஆனால் ஒரே தோப்பில் பத்து வருடம் தொடர்ந்து இடுவதாக இருந்தால், நுண்ணுயிர்க்கொல்லி சிறுகச் சிறுக மண்ணில் சேர்ந்து, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களுக்கு இடம் கொடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பத்து வருடக் கணக்கில்தான் இருபது புட்டி வித்தின் செலவு நியாயமாகிறது. இரண்டு வருடம் மட்டும் இட்டுவிட்டு நிறுத்துபவருக்கு அது கூடுதல் செலவே.

இடும்போது மரத்துக்கு வருடத்தில் பதினைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். மீதித் தொழுவுரம் தொழுவுரமாகவே இருக்கட்டும். அடிமரத்தில் கொட்டாமல் பாத்திக்குள் கொத்தி மண்மூட வேண்டும். கிணற்றுக்குப் பக்கத்து வரிசைகளையும், ஓடையை நோக்கிச் சரியும் வரிசைகளையும் விட்டுவிட வேண்டும். ஊடுபயிராகக் கீரை, வெங்காயம், கொடிக்கால் வைத்திருக்கும் பகுதிக்குக் கிடையாது. மல்லிகைக்கு இடலாமா என்றும் கேட்டார்கள். மல்லியைச் சாப்பிடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் விடியுமுன் வெறுங்கையோடு செடிக்குள் குனிந்து மொட்டெடுப்பவர்கள் பெண்கள், அவர்களின் கையும் முகமும் மண்ணுக்கு அரை முழ தூரத்தில் இருக்கும். தென்னையில் காய் நாற்பது அடி உயரத்தில் இருக்கிறது. அந்த வேறுபாட்டை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அவர்கள் புரட்டாசியில் ஒரே ஒரு லாரி எடுத்து, கார்த்திகையில் நார்க்கழிவு வெளுத்து நிற்கும்படி வேலையைத் தொடங்குவதென்று பேசி முடித்தார்கள். மூத்தவரின் தோப்பில் இரண்டு ஏக்கர் வைகையை ஒட்டிச் சரிந்திருக்கிறது. அதற்குப் பழையபடி ஆட்டுக்கிடைதான்.